எண்ணெய் விட்டேனா

வாங்கிப்போன பொருளைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் கால் வைக்கும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள். எதிர்ப் பட்டறைக்காரன் காது அப்படி வரவில்லை. மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஈரம் முழுதாகக் காயாத ஒரு ஏர் ஃபில்டரை மேஜைமேல் வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது என்பது பட்டப்பெயர். என் உதிரிபாகக் கடைக்கு எதிரே, மண்தடத்தில் பந்தயம் ஓட்டும் டர்ட் பைக்குகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அவன். ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான் என்றால், எழுந்து நிமிரும்போது கோளாறு என்ன என்று சொல்லிவிடுவான். பதினாறு வருடமாக எதிரெதிர்க் கடை. வந்த முதல் வாரத்திலேயே அவன் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். அதனால் அவன் எனக்கு மாப்பிள்ளை, அவர்களுடைய ஒரே மகளுக்கு நான் மாமா. ரத்த சம்பந்தம் எள்ளளவும் கிடையாது. ஆனால் சண்டை போடும்போது சொந்தக்காரர்களைப் போலவேதான் போட்டுக்கொள்வோம்.

"இது நீ குடுத்த ஃபில்டர்தானே மச்சான்?"

"ஆமா. பத்து நாள் முன்னாடி வாங்கிட்டுப் போனே."

"நான் வழக்கமா வாங்கற மஞ்ச ஃபில்டர் இல்ல இது. நீலம்."

"மஞ்சள் ஸ்டாக் இல்லன்னு சொல்லித்தானே குடுத்தேன். பொருந்துமான்னு நீயும் வெச்சுப் பார்த்தே."

"பொருந்தும்னு நீ சொன்னே. நான் பார்த்தேன். யார் சொன்னது, யார் பார்த்ததுன்னு இப்ப உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாப் போச்சு." அவன் ஃபில்டரை விரலால் தள்ளினான். "இன்ஜின் போயிடுச்சு மச்சான்."

எந்த இன்ஜின் என்று நான் கேட்கவில்லை. பட்டறையில் பத்து பைக் நிற்கும். அவன் இந்தக் குரலில் பேசினால் அது மகளின் பைக்தான்.

முந்தின நாள் பழைய கல்குவாரியில் பயிற்சி. மழை பார்த்து நாலு மாதமாகியிருந்த மண். முன்னால் போகிற பைக்கின் பின்சக்கரம் கிளப்புகிற புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கைப்பிடிகூடத் தெரியாது. காலை முழுக்க அந்தப் புழுதிக்குள் ஓட்டியிருக்கிறாள். வேலிக்கு வெளியே நின்ற காதுக்குப் பத்து மணி வாக்கில் சத்தம் மெலிவது கேட்டிருக்கிறது. துண்டை ஆட்டினான், கத்தினான். ஹெல்மெட்டுக்குள் இருப்பவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மேட்டில் ஏறும்போது வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. இன்று காலை பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பக்கமெல்லாம் பூனை பிராண்டினாற்போலக் கோடு. காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயில் விரலை விட்டால் முகப்பவுடர்போல மண்.

"புழுதி ஃபில்டரைத் தாண்டி உள்ள போயிருக்கு. ஃபில்டர் சரியா உட்காரல. அதான் சொல்ல வந்தேன்" என்றான். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே இருந்தான். அவனுக்கே அது போதவில்லை என்று தெரிந்தது.

ஃபில்டரில் மூன்று வகை விற்கிறேன். காகிதம், பருத்தித் துணி, ஸ்பாஞ்சு. காகிதம் தார்ச்சாலையில் போகும் வண்டிக்கு நல்லது. துணி பார்க்க அழகாக இருக்கும், விலையைச் சொன்னதும் வாங்குகிறவர்களுக்கு அதன்மேல் மரியாதையும் வந்துவிடும். மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்பாஞ்சுதான். மேலே பெரிய துளை, அடியில் பொடித்துளை என்று இரண்டு அடுக்கு ஒட்டியிருக்கும். ஆனால் ஸ்பாஞ்சு தானாக எதையும் தடுக்காது. அதற்கென்று ஒரு பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கிறது, நீல நிறத்தில். அதை ஊறப் பிசைந்தால்தான் பறந்து வருகிற புழுதி அதில் ஒட்டி நிற்கும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சு தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி. கதவு இருக்கிறது என்று நம்பி உள்ளே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்தப் பட்டறையில் ஃபில்டர் வேலை முழுக்க என் தங்கையுடையது. தங்கை என்று நான் சொல்வது காதின் மனைவியை. பட்டறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் இரண்டு தொட்டி வைத்திருப்பாள். முதலில் மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிப் பழைய எண்ணெயை எடுப்பாள். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். ஒருபோதும் முறுக்கிப் பிழியமாட்டாள், முறுக்கினால் ஒட்டுவாய் விட்டுப்போகும். பெட்ரோலைக் கிட்டவே சேர்க்கமாட்டாள், அது பசையைக் கரைத்துவிடும். நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சொட்டு ஈரமில்லாமல் காய்ந்ததும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எண்ணெயை ஊற்றி, மாவு பிசைவதைப்போலப் பிசைவாள். எங்கேயும் திட்டு இல்லாமல் ஒரே நிறம் ஏறும்வரை விடமாட்டாள். அப்புறம் அதிகப்படி எண்ணெயை அமுக்கி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, ஓரத்தில் கிரீஸ் தடவித்தான் கொடுப்பாள். இந்தத் தெருவில் உள்ள மற்றப் பட்டறைக்காரர்களும் ஃபில்டரை அவளிடம்தான் அனுப்புகிறார்கள்.

"தங்கச்சி என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லணும்? அவ வேலையில நொட்டை சொல்ல முடியுமா?"

"கழட்டும்போது ஃபில்டர் எப்படி இருந்துச்சு?"

அவன் முகம் சுருங்கியது. "யார் பார்த்தா? வண்டியத் தள்ளிக்கிட்டு வந்ததும் உன் மருமக வழக்கம்போல ஃபில்டரைக் கழட்டி மண்ணெண்ணெய்த் தொட்டில போட்டுட்டா. நான் இன்ஜினைப் பிரிச்சது இன்னைக்கு. அதுக்குள்ள எல்லாம் கரைஞ்சு போச்சு."

அப்படியானால் தடயம் என்று ஒன்றும் இல்லை. அவன் கொண்டுவந்து வைத்தது வெறும் சுத்தமான ஒரு ஸ்பாஞ்சு.

அவன் போன பிறகு விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இந்த வருடப் புத்தகத்தில் அந்த ஃபில்டரின் எண் மகளின் பைக்குக்குப் பொருந்தும் என்று இருந்தது. அதே கம்பெனியின் முந்தின வருடப் புத்தகத்தில் அவள் பைக்கின் பெயரே இல்லை. ஃபில்டரை, அதைத் தாங்கும் கூடு அதே அளவில் ஒன்று கடையில் இருந்தது, அதில் மாட்டிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன், ஒரு மூலையில் நகம் நுழைகிறமாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்தபோது அந்த மூலை எது என்றே எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். வயது இருபத்து மூன்று. வாரம் ஐந்து நாள் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, மீதி இரண்டு நாள் குவாரி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இன்னும் பதினெட்டு நாளில் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. ஓட்டுகிறவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு குழு வரப்போகிறது. முதல் ஆறு பேரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"அப்பா என்ன மாமா சொன்னார்?"

"ஃபில்டர் பொருந்தலன்னு சொன்னான்."

"அப்படியா சொன்னார்?" அவள் மேஜையில் இருந்த ஒரு போல்ட்டை எடுத்து உருட்டினாள். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. அப்பாவே ஏதாவது பண்ணியிருப்பாரா?"

"என்ன பண்ணியிருப்பான்?"

"ஃபில்டர் போல்ட்டை லூசா விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரில வெச்சு இதோட போதும்னு சொன்னார்ல. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பா பேசாம இருந்தா அது முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல மாமா."

"உன்னைத் திட்டுவான். வண்டிச் சாவியை ஒளிச்சு வைப்பான். இன்ஜினைக் கெடுப்பானா? பக்கத்து வீட்டுக்காரன் வண்டி ஆயில் இல்லாம ஓடினாலே சாப்பாடு இறங்காதே அவனுக்கு."

"அதான் எனக்கும் புரியல." அவள் போல்ட்டை வைத்துவிட்டாள். "போன வாரம் நானே ஒரு தடவை சீட்டைக் கழட்டினேன். எதுக்குக் கழட்டினேன்னு ஞாபகம் இல்ல. ஃபில்டரைத் தொட்டேனான்னும் ஞாபகம் இல்ல. ஒருவேளை நானே கெடுத்துட்டு அப்பாவைச் சொல்றேனோ என்னவோ."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். எதிரே பட்டறை வாசலில் அவள் அப்பா சிலிண்டரைத் துணியில் சுற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவ்வளவு பத்திரமாக ஒரு மனிதன் குழந்தையைக்கூடச் சுற்றமாட்டான். அவளும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் கடையைத் திறந்து தூசி தட்டுவதற்குள் தங்கை வந்து நின்றாள். கையில் காலியான எண்ணெய் பாட்டில்.

"இதுல எத்தனை ஃபில்டருக்கு வரும் அண்ணே?"

"தாராளமா விட்டா பன்னெண்டு. உன் கைக்குப் பதினஞ்சு வரும்."

"பதினாலு கணக்கு வந்துடுச்சு. யார் யாரோடதுன்னு சொல்லிடுவேன். பதினஞ்சாவது நம்ம பொண்ணோடதா, இல்ல பக்கத்துப் பட்டறை மீசைக்காரர் ரெண்டாவது தடவை குடுத்தனுப்பினதான்னு தெரியல."

"உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அடியில் ஒரு நீலக்கோடு இருந்தது. அதில் பதில் எழுதியிருப்பதைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டக் குடுத்த அன்னைக்கு அலசினேன். நிழல்ல காயப்போட்டேன். அதுவரைக்கும் பளிச்சுன்னு ஞாபகம் இருக்கு. அவ பின்னால வந்து நின்னா. நான் பார்க்கலன்னு நினைச்சுக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டே தோளைத் தேய்ச்சா. வலியோட ஓட்டறா அண்ணே, வலிக்கலன்னு எங்ககிட்ட சொல்றா. அதைப் பார்த்தேன், அதுவும் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஃபில்டரை உங்க மாப்பிள்ளை கையில குடுத்தேன். நடுவுல எண்ணெய் விட்டேனா? கை நீலமா இருந்துச்சா? கையைக் கழுவினேனா? எவ்வளவு யோசிச்சாலும் அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

"எண்ணெய் இல்லன்னா மாட்டும்போது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எப்படித் தெரியும்? மஞ்ச ஃபில்டரா இருந்தா எண்ணெய் பட்டதும் பச்சையாத் தெரியும். இது ஸ்பாஞ்சே நீலம். எண்ணெயும் நீலம்."

அதை நான் யோசிக்கவில்லை. நிறத்தைப் பார்த்து யார் ஃபில்டர் விற்பார்கள். 

"நீ மறந்திருக்கலாம்" என்றேன். "பதினஞ்சு ஃபில்டர் பிசையற கை. ஒண்ணு விட்டுப்போறது பெரிய விஷயமா?"

"மறந்திருந்தாப் பரவாயில்ல." அவள் குரல் இறங்கியது. "விடவேணாம்னு நினைச்சிருந்தா? வண்டி நின்னு போகட்டும், இவ வீட்ல இருக்கட்டும்னு நினைச்சிருந்தா? அப்படி நினைச்சிருந்தா எனக்குத் தெரியணுமில்ல அண்ணே? நினைச்சது நானாச்சே."

 உதிரிபாகம் கேட்டால் எண் சொல்லத் தெரிந்தவன் நான். நான் சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரி சரியாத் தூங்கறியா?"

என் மடத்தனத்தை அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். "புது பாட்டில் வேணாம். நான் இனிமே ஃபில்டரைத் தொடப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது அதிகம், குழம்பினேன். மாப்பிள்ளைக்கு என் ஃபில்டர்மேல் சந்தேகம். மகளுக்கு அப்பாமேல், பாதி தன்மேல். தங்கைக்குத் தன் மனசின்மேலேயே. என் ஃபில்டர் பொருந்தவில்லை என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டால் மூன்று பேருக்கும் சோறு இறங்கும். அது பொய்யா என்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்த மூலையில் நகம் நுழைந்தது நிஜமாகவே இருக்கலாம்.

சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போனேன். அவர்கள் வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு பிளாஸ்டிக் திரைதான். சோற்றிலும் லேசாகக் கிரீஸ் வாசம் வரும், பழகிவிட்டால் தெரியாது. எனக்கும் ஒரு தட்டு வந்தது. சோறு, பருப்பு, ஆளுக்கொரு முட்டை. வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எல்லோரும் தூசி விழாமல் தட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

"மாப்ள, அந்த ஃபில்டரை நல்லாப் பார்த்தேன். அளவு சரியில்ல. ஓரத்துல இடைவெளி விடுது. தப்பு என்னோடதுதான்."

காது நிமிர்ந்தான். அவன் முகத்தில் நாலு நாள் சுமை இறங்கியது. "நான்தான் வந்த அன்னைக்கே சொன்னேனே. இந்தக் காது பொய் சொல்லாது." மகள் சட்டென்று அப்பாவைப் பார்த்து, உடனே தட்டைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணன் எனக்காகச் சொல்றார். நான் எண்ணெய் விடல."



"மறந்துட்டியாம்மா?" என்றாள் மகள்.

"மறந்துட்டேன்னு சொன்னா அதுவும் பொய்யா இருக்கலாம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா எனக்குத் தெரியல. நீ தோளைத் தேய்ச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன பண்ணேன்னு தெரியல."

காதுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. "எண்ணெய் இல்லாத ஃபில்டரை நான் மாட்டுவேனா? தொட்டதுமே ஒட்டுமே கையில."

"கையுறை போட்டிருந்தீங்க."

"போட்டிருந்தேனா?" தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "அன்னைக்கு மூணு வண்டி. போட்டிருந்தேனா என்ன?"

"போட்டிருந்தீங்கப்பா" என்றாள் மகள். பிறகு, சொல்லவேண்டிய அவசியமே இல்லாத நேரத்தில், அதையும் சொல்லிவிட்டாள். "நான் நீங்க பண்ணினதுன்னு நினைச்சேன்."

"எதை?"

"இதைத்தான். போல்ட்டை லூசா விட்டிருப்பீங்கன்னு."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். இன்ஜின் போனதற்குக்கூட அவன் முகம் அப்படி ஆகவில்லை. "இன்ஜினையா?" என்றான். "நானா?" பிறகு, யாரிடமும் இல்லாமல், "ஓடற இன்ஜினையா?" என்றான். தட்டை எடுத்துக்கொண்டு திரையைத் தள்ளிப் பட்டறைக்குள் போனான். மீதிச் சோற்றை நின்றுகொண்டே அவன் சாப்பிடுவது நிழலாகத் தெரிந்தது. நல்லது செய்வதாக நினைத்துப் போனவன் நான், முட்டையைக்கூட முடிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசலிலிருந்து சிலிண்டர் வந்தது. நான் வரவழைத்துக் கொடுத்த பிஸ்டனும் வளையங்களும் வந்தன. காது ஒரு வாரம் அதன்மேலேயே கவிழ்ந்து கிடந்தான். மகள் வேலை முடிந்து வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு என்பான், கொடுப்பாள். பத்து என்பான், கொடுப்பாள். அப்பாவும் மகளும் எண்களைத் தவிர வேறெதுவும் பேசியதாகத் தெரியவில்லை. பின்னால் தொட்டியோரம் மற்றப் பட்டறைக்காரர்கள் அனுப்பிய ஃபில்டர்கள் அழுக்கோடு குவிந்தன. தங்கை அந்தப் பக்கம் போகவே இல்லை. துணி துவைக்கக்கூட வாசல் குழாய்க்கு வந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் மகள் கடைக்கு வந்தாள்.

"மஞ்ச ஃபில்டர் வந்துடுச்சா மாமா? ரெண்டு குடுங்க. நாளைக்கு ரெண்டு சுற்று ஓட்டணும். நடுவுல மாத்திக்கறேன். எண்ணெயும் ஒரு பாட்டில்."

"யார் எண்ணெய் விடறது?"

"அம்மாதான்."

"அவதான் தொடமாட்டேங்கறாளே."

"நீங்களும் வாங்க" என்றாள்.

தங்கை சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு ஃபில்டரையும் பாட்டிலையும் அவள் முன்னால் வைத்தாள்.

"நீயே விட்டுக்கோ" என்றாள் தங்கை, திரும்பாமல்.

"எனக்குத் திட்டுத் திட்டாத்தான் வரும்."

"அப்பாவை விடச் சொல்லு."

"அப்பா இன்ஜினைத் தொட்ட கையோட தொடுவார்."

"நான் மறுபடியும் விடாமக் குடுத்தேன்னா?"

"குடு. மாட்டிக்கிட்டு ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டு மகள் வெளியே போய்விட்டாள். தெருவில் அவள் செருப்புச் சத்தம் தூரமாகப் போவது கேட்டது. எட்டிப் பார்ப்பதற்காகக்கூட அவள் அங்கே நிற்கவில்லை.

தங்கை வெகுநேரம் ஃபில்டர்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள்.

"அண்ணே, இங்க உட்காருங்க. நான் விடறேனான்னு பார்த்துச் சொல்லுங்க."

பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். "விடறே" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"நீ எண்ணெய் விடறேம்மா."

அமுக்கினாள், திருப்பினாள், உள்பக்கத்தை வெளியே எடுத்து மறுபடி அமுக்கினாள். மஞ்சள் ஸ்பாஞ்சு மெல்லப் பச்சையாகியது. ஒட்டுவாய் ஓரத்தில் நகமளவு மஞ்சள் நின்றது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து மாற்றினாள். இரண்டாவது ஃபில்டரும் அப்படியே. அரைமணி நேரம் அந்தச் சமையலறையில் இருவரும் குழந்தைகளுக்கு எண் சொல்லிக் கொடுக்கிறவர்களைப்போல இருந்தோம். அவள் செய்தாள், நான் சொன்னேன். ஊத்தறே. பிசையறே. இன்னும் ஒரு மூலை பாக்கி. இப்ப சரி. முடிந்ததும் அவள் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டு வரை நீலம்.

"பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

மறுநாள் காலை குவாரிக்கு நானும் போனேன். கடையைப் பூட்டிவிட்டு ஒரு போட்டிக்குப் போனது அதுதான் முதல் தடவை. தங்கைக்கும் அதுதான் முதல் தடவை. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எல்லாம் கூட்டிப் பார்த்ததில் மகள் ஏழாவதாக வந்தாள். அந்தக் குழு ஆறு பேரோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த வருடம் வந்து பார் என்றார்கள், வருவேன் என்றாள். நான் சொல்ல நினைப்பது இரண்டு சுற்றுக்கும் நடுவே கிடைத்த அரைமணி நேரத்தைத்தான்.

முதல் சுற்று முடிந்து வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு எங்கள் தார்ப்பாய்க்கு அடியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி இருந்த வட்டம் மட்டும் மனித நிறத்தில் இருந்தது. காது பைக் பக்கத்தில் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கண்ணை மூடிக் கேட்டான். நிமிர்ந்து, "நல்லாயிருக்கு" என்றான். பதினைந்து நாளில் மகளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை, எண்களை விட்டுவிட்டால்.

"நீங்க கட்டினதாச்சேப்பா" என்றாள் அவள். அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு, தேவையே இல்லாமல் செயினைத் துடைக்க ஆரம்பித்தான்.

தங்கை சீட்டைக் கழற்றினாள். ஃபில்டரை எடுத்தாள். வெளிப்பக்கம் செங்கல் மாதிரி இருந்தது. மண் ஒரு தோலாகப் படிந்திருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினாள், முந்தின நாள் பிசைந்த அதே பச்சை. வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் காற்றுக்குழாய்க்குள் விட்டுத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. அதை மகளிடம் காட்டினாள், என்னிடம் காட்டினாள், செயின் துடைத்துக்கொண்டிருந்தவனைத் தொட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"இது விட்டது நல்லா ஞாபகம் இருக்குடி. ஒவ்வொரு தடவை அமுக்கினதும் ஞாபகம் இருக்கு. அதான் பயமா இருக்கு. இது இவ்வளவு ஞாபகம் இருந்தா, அது ஏன் இல்ல?"

மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள், பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சேறாக வழிந்தது.

"நீ வேணும்னே விடலன்னே வெச்சுக்கோ" என்றாள். "எனக்குப் பரவாயில்ல. ஆனா அடுத்த தடவை நான் ஓட்டவேணாம்னு தோணினா வாயால சொல்லு."

"சொன்னா நிறுத்துவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"சண்டை போடலாம்ல."

தங்கை அவளையே பார்த்தாள். சிரிப்பதா, கோபப்படுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கியில் இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். வரிசையில் மற்ற வண்டிகள் உறுமத் தொடங்கின.

தங்கை எழுந்து, பையிலிருந்து இரண்டாவது ஃபில்டரை எடுத்தாள். கூட்டில் உட்கார வைத்தாள். ஓரம் முழுக்க விரலை ஓட்டி, கிரீஸ் எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் தடவினாள்.

"சொல்லிட்டேன்" என்றாள். "எனக்கு இஷ்டமில்ல. தோள் இன்னும் சரியாகல. உனக்கு வலிக்குது, எனக்குத் தெரியும். போகாத."

போல்ட்டைக் கையால் இறுக்கினாள். போதாதென்று காதின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி இன்னும் கால் சுற்று இறுக்கினாள். ஃபில்டரைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. சீட்டை மாட்டி மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போகாதடி" என்றாள் மறுபடியும்.

"கேட்டுச்சும்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தாள்.